பாடகருக்குப் பின்னால் அந்த வயலின் கூட்டம் என்ன செய்கிறது? ஆர்கெஸ்ட்ரா பாப் ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடி, ஒரு பழைய இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை பேசாமல் கேட்பது சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. தட்டு முடிந்து காப்பி வரும்போது கேள்விகளும் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, என்னால் இயன்ற பதில்களோடு தொகுத்திருக்கிறேன். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என வில் போட்டு வாசிக்கும் கருவிகளின் கூட்டத்தைச் சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களில் சொல்வதைப்போல ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்றே குறிப்பிடுகிறேன்.

“ஆர்கெஸ்ட்ரா பாப் என்று எதைச் சொல்கிறீர்கள்? பாட்டுக்குப் பின்னால் நாலு வயலின் வாசித்தால் போதுமா?”

போதாது. பாடலின் கட்டுமானத்திலேயே ஸ்ட்ரிங்ஸுக்குப் பொறுப்பு இருக்க வேண்டும். அதாவது, பாடகர், மெட்டு, தாளம் ஆகியவற்றுக்கு இணையான இன்னொரு பாத்திரமாக அந்தக் கூட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். மேளமும் கிதாரும் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, பளபளப்புக்காக மேலே பூசப்பட்ட வயலின் இந்தக் கணக்கில் வராது. எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதும் அளவுகோல் அல்ல. பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’ (1966) பாட்டில் கருவி வாசிப்பவர்கள் மொத்தம் எட்டுப் பேர்தான்: நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஆனாலும் அந்த எட்டுப் பேரை எடுத்துவிட்டால் பாட்டில் குரல்களைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

“இது எந்தக் காலத்தில் தொடங்கியது? அதற்கு முன்னால் பாட்டில் வயலினே இல்லையா?”

இருந்தது. நடனக் கூடங்களிலும் திரைப்படங்களிலும் வானொலியிலும் அதற்கு முன்பே வயலின் கூட்டம் இருந்தது. மாறியது, கேட்கும் கால அளவு. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். கொலம்பியா நிறுவனம் 1948இல் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்தது. ஒரே மனநிலையில் ஒருவரை அவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

ஃபிராங்க் சினாட்ரா 1955இல் வெளியிட்ட ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ இந்த எண்ணத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்ட ஆல்பம். நள்ளிரவு கடந்தும் தூக்கம் வராதவனின் தனிமையைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. அதன் பாடல்களுக்கு ஆர்கெஸ்ட்ரா இசையமைப்பை (அரேஞ்ச்மென்ட்) எழுதிய நெல்சன் ரிடில், 1958இல் ‘ஒன்லி த லோன்லி’ ஆல்பத்துக்கு இன்னும் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு அதே மனநிலைக்குத் திரும்பி வந்தார். இந்த இரண்டையும் கேட்டவருக்கு, பின்னால் வந்தவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது விளங்கிவிடும்.

“வயலின் நுழைந்தவுடனே நெஞ்சு ஏன் அப்படிக் கனக்கிறது? ஏதாவது தந்திரம் இருக்கிறதா?”

ஒரு பகுதி, கருவியின் இயல்பு. பியானோவிலும் கிதாரிலும் ஒரு சுரத்தைத் தொட்ட கணத்திலிருந்து அது தேயத் தொடங்குகிறது. பிறகு அதை வளர்க்க வாசிப்பவரால் முடியாது. வில்லில் அப்படியல்ல. ஒலிக்கத் தொடங்கிய சுரத்தை மெல்லப் பெருக்கலாம், அடக்கலாம், நடுக்கலாம். மனிதக் குரலுக்கு இருக்கும் அதே வசதி இது. ஆகவே பாடகருக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடுவதைப்போல நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பகுதி, எழுதும் முறை. நம் கச்சேரியில் பக்கவாத்திய வயலின், பாடுபவரை நிழலாகத் தொடரும். பாடகர் போன வழியில் போய், அவர் விட்ட இடத்தில் அதையே திருப்பிச் சொல்வது அதன் அழகு. நல்ல ஆர்கெஸ்ட்ரா பாப்பில் ஸ்ட்ரிங்ஸ் அந்த வழியில் போவதில்லை. “எனக்கொன்றும் வருத்தமில்லை” என்று பாடகர் வாய் சொல்லும்போது, கீழே செல்லோ வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். பாடகர் மறைப்பதை ஸ்ட்ரிங்ஸ் அறிந்திருக்கிறது என்பதுதான், என் அனுபவத்தில், இந்த ஆல்பங்களின் கவர்ச்சிக்கு முதற்காரணம். கீழே பல பதில்களில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

“ஒரு வயலினும் பதினாறு வயலினும் ஒரே சுரத்தைத்தானே வாசிக்கின்றன? ஆட்களைக் கூட்டினால் சத்தம்தானே கூடும்?”

சத்தம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கூடுவதே இல்லை. வாசிப்பவர்கள் இரட்டிப்பாகும்போது ஒலி ஏறத்தாழ 3 டெசிபல்தான் ஏறும். ஆக, பதினாறு வயலின் ஒற்றை வயலினைவிட 12 டெசிபல் கூடுதல்; நம் காதுக்கு அது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதாகத்தான் கேட்கும்.

உண்மையில் கூடுவது அகலம். பதினாறு பேரின் சுருதியும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்காது. விரலை அசைத்துச் சுரத்தை நடுக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். வில் தொடங்கும் கணமும் மாறும். இந்தச் சின்னஞ்சிறு பிசகுகள் ஒன்றோடொன்று உரசுவதால், ஒலிக்கு விளிம்பு மழுங்கிப் பட்டுத்துணியின் மினுமினுப்பு வருகிறது. ஒற்றை வயலினில் ஒரு மனிதரைக் கேட்கிறோம். கூட்டத்தில் யாரையும் தனியே கேட்பதில்லை. ஒருவர் முகமும் தெரியாத அந்த ஒலியின் மேல்தான் பாடகரின் ஒற்றைக் குரல் அத்தனை தனியாகத் தெரிகிறது.

“அரேஞ்சர் என்பவர் என்னதான் செய்கிறார்? மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்றால் இவருக்கு என்ன வேலை?”

மெட்டும் சொற்களும் மட்டும் அவர் கைக்கு வரும். எந்தச் சுருதியில் பாட வேண்டும், முகப்பிசை என்ன, எந்த வரியில் யார் வாசிக்க வேண்டும், யார் வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், பாட்டின் உச்சம் எங்கே என்பதையெல்லாம் தீர்மானித்து முழு நோட்டையும் அவர் எழுதுவார். அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் உரிய தாளைப் படியெடுப்பவர்கள் தனித்தனியே கையால் எழுதுவார்கள். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாளை முதன்முறையாகப் பார்ப்பதே ஒலிப்பதிவுக்கூடத்தில்தான். அமெரிக்கக் கலைஞர் சங்க விதிப்படி ஓர் அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாடல்களை முடித்தாக வேண்டும்.

கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு சினாட்ராவே சான்று. அவருக்காக கார்டன் ஜென்கின்ஸ் எழுதிய ‘வேர் ஆர் யூ?’ (1957) ஆல்பத்தையும், மேலே சொன்ன ரிடிலின் ஆல்பங்களில் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். ஜென்கின்ஸின் வயலின்கள் உயரே ஏறி நின்று, பாடகருக்குப் பதிலாகத் தாங்களே அழுதுவிடுகின்றன. டாமி டார்ஸியின் குழுவில் டிராம்போன் வாசித்து வளர்ந்த ரிடில், காற்றுக் கருவிகளுக்கும் வெற்றிடத்துக்கும் இடம் விட்டு, அழுவதைப் பாடகரிடமே ஒப்படைக்கிறார். இதில் நான் ரிடில் கட்சி. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஜென்கின்ஸ் கட்சி.

“பழைய பதிவுகள் இன்றையதைவிட வெதுவெதுப்பாக இருப்பதாகத் தோன்றுகிறது. அது என் பிரமையா?”

முழுப் பிரமை அல்ல. ஐம்பதுகளின் பதிவுகளில் பாடகரும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருந்தார்கள். வயலினுக்கு வைத்த மைக்கில் டிரம்ஸும் கொஞ்சம் விழும். பாடகரின் மைக்கில் வயலினும் கொஞ்சம் விழும். இந்தக் கசிவுதான் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்ற உணர்வைத் தருகிறது. அதற்கு மேல் எதிரொலி வேண்டுமென்றால் உண்மையான அறையையே பயன்படுத்தினார்கள். 1956இல் திறக்கப்பட்ட ஹாலிவுட்டின் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனக் கட்டடத்தின் அடியில், நிலத்துக்குள் கான்கிரீட் எதிரொலி அறைகள் உள்ளன. பாட்டை ஒலிபெருக்கி வழியாக அந்த அறைக்குள் செலுத்தி, அங்கே சுழலும் ஒலியை மைக்கில் திரும்பப் பிடிப்பார்கள். 1957இல் ஜெர்மனியிலிருந்து வந்த இஎம்டி 140 என்ற கருவி, தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து இதே வேலையைச் செய்தது. கால் டன்னுக்கும் மேல் கனக்கும் அந்தப் பெட்டியைத்தான் இன்று கணினியில் ஒரு பொத்தானாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

எனினும், பழையது எல்லாமே வெதுவெதுப்பு என்று எண்ண வேண்டாம். ‘எலினார் ரிக்பி’ பதிவில் பொறியாளர் ஜெஃப் எமெரிக் மைக்குகளைக் கருவிகளுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைத்தார். பழக்கமில்லாத கலைஞர்கள் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே இருந்ததாகப் பின்னாளில் எழுதினார். வில் கம்பியில் உராயும் கரகரப்பு அந்தப் பதிவில் அப்படியே இருக்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், திரையிசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் கூர்மையான வயலின் எழுத்தை மனத்தில் வைத்து ஸ்ட்ரிங்ஸ் எழுதிய பாட்டு அது. அங்கே வெதுவெதுப்பு இருந்திருந்தால் பாட்டே கெட்டிருக்கும்.

“அவ்வளவு பேரை எதற்குக் கூப்பிட வேண்டும்? கீபோர்டில் அதே சத்தம் வருகிறதே?”

இந்த ஆசைக்கு வயது அறுபதுக்கு மேல். 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தயாரான மெல்லட்ரான் கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உண்மையான வயலின் ஒலி பதிந்த ஒரு நாடாத் துண்டு இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். அதன் தள்ளாடும், ஈரம் பட்டதுபோன்ற ஒலி வயலினுக்கு மாற்றாகவில்லை. தனக்கென ஒரு ருசியோடு வேறொரு கருவியாகிவிட்டது. எழுபதுகளில் வந்த சோலினா என்ற கீபோர்டுக்கும் இதே கதைதான்.

இன்றைய மென்பொருள் ஒலிகள் தனித்தனிச் சுரத்தில் ஏமாற்றக்கூடியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை பிடிபடுவது ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியில். பதினாறு பேர் பாடகரின் இழுப்பைக் காதில் வாங்கி, அந்த வரிக்கு மட்டும் அரை நொடி தாமதிப்பதைப் பொத்தானில் வாங்க முடிவதில்லை.

“எனக்கு ஆங்கிலப் பாட்டின் வரிகள் பிடிபடுவதில்லை. பிரெஞ்சுப் பாட்டெல்லாம் சொல்லவே வேண்டாம். அப்படியிருக்க எதை ரசிப்பது?”

அப்படியானால் பிரெஞ்சுப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். செர்ஜ் கெயின்ஸ்பூரின் ‘மெலடி நெல்சன்’ ஆல்பம் (1971) ஏழே பாடல்கள். மொத்தம் 28 நிமிடத்தைத் தொடுவதில்லை. தாளக் கருவிகள் லண்டனில் பதிவாயின; ஸ்ட்ரிங்ஸ் பாரிஸில். எழுதியவர் ஜான் குளோட் வானியே.

முதல் பாட்டில் பாஸ் கிதார் தனியே உலாவத் தொடங்குகிறது. அவசரமில்லாத டிரம்ஸ் கூட வருகிறது. ஒருவர் பாடாமல், காதருகே பேசுவதைப்போல ஏதோ சொல்கிறார். வெகுநேரம் அவ்வளவுதான். பிறகு எங்கிருந்தோ வயலின் கூட்டம் ஒரு கீற்றாக எழுந்து, ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறைகிறது. மறுபடி வெறும் பாஸ். அந்தக் கூட்டம் எப்போது வரும் என்று தெரியாமல் நாம் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். பேசுபவர் ஒரு விபத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பது தெரியாதவருக்கும், ஏதோ நடக்கப்போகிறது என்பது தெரிந்துவிடும். கடைசிப் பாட்டில் அதே நடை திரும்பி வரும்போது இம்முறை ஒரு பாடகர் குழுவும் சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு முடித்த மாலையில் காப்பி ஆறிப்போனதை யாரும் பொருட்படுத்தவில்லை.

“மன்னிக்கவும், எனக்கு இதெல்லாம் அழுகுணி இசையாகத்தான் தெரிகிறது. ஓட்டல் வரவேற்பறையில் போடுவதுபோல.”

மன்னிப்பு வேண்டியதில்லை, அப்படிப்பட்ட தட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாண்டோவானியின் குழுவுக்காக ரொனால்ட் பிஞ்ச் வடிவமைத்த ‘அருவி வயலின்’ உத்தி 1951இல் பெரும் வெற்றி பெற்றது. ஒரு மெட்டின் சுரங்களை வயலின் பிரிவுகளுக்கிடையே பங்கிட்டு, ஒருவர் விட்ட சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் அடுத்த சுரத்தைத் தொடும்படி எழுதுவது அது. எதிரொலிக் கருவி இல்லாமலே எதிரொலியை உண்டாக்கிய அந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா மெட்டுக்கும் அதே சர்க்கரைப்பாகை ஊற்றினால் திகட்டத்தான் செய்யும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஸ்காட் வாக்கரின் ‘ஸ்காட் 3’ (1969). முதல் பாட்டு ஒரு மழைநாளைப் பற்றியது. மென்மையான கிதார், ஆழ்ந்த குரல். எல்லாம் இதமாகத்தான் இருக்கும், அந்த வயலின்களைத் தவிர. அவை உச்ச ஸ்தாயியில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. ஈரக் கண்ணாடியில் விரலை இழுத்த கூச்சம் பல்லில் ஏறும். பாடகர் நினைவுகளில் சுகமாகத் தோய்ந்திருக்க, தலைக்கு மேல் அந்த ஒலி விலகுவதே இல்லை. பாடகர் மறைப்பதை ஸ்ட்ரிங்ஸ் அறியும் என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எழுதியவர் வாலி ஸ்டாட். பின்னாளில் ஏஞ்சலா மோர்லி என்ற பெயரில் வாழ்ந்தவர்.

“இது வசதியான வெள்ளைக்காரர்களின் இசைதானே? கறுப்பினக் கலைஞர்களுக்கு இதில் என்ன இடம்?”

நடுவிலேயே இடம். நாட் கிங் கோல் ஜென்கின்ஸோடு செய்த 1957ஆம் ஆண்டு ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பில்லி ஹாலிடே 1958இல் ரே எல்லிஸின் இசையமைப்பில் பதிந்த ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தைக் கேட்டவர்கள் அதை மறப்பது கடினம். வாழ்க்கை அடித்துத் துவைத்த, கரகரத்துப்போன குரல்; சுற்றிலும் மடிப்புக் கலையாத பட்டு. குரலும் பின்னணியும் பொருந்தவே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொருந்தாமைதான் ஆல்பம். ஓராண்டு சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார்.

அடுத்த தலைமுறை இதைத் தன் வழிக்குக் கொண்டுபோனது. ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ (1969) நான்கே பாடல்களில் 45 நிமிடம் ஓடுகிறது. பர்ட் பாக்கராக்கின் மூன்று நிமிட மெட்டு ஒன்று அதில் 12 நிமிடமாக விரிகிறது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தில் வியட்நாம் போரையும் நகர வறுமையையும் பற்றிய பாடல்களுக்கு அடியில் ஸ்ட்ரிங்ஸ் ஓடுகிறது. சிகாகோவில் சார்ல்ஸ் ஸ்டெப்னி, பாடகி மின்னி ரிப்பர்டனுக்காக எழுதிய ‘கம் டு மை கார்டன்’ (1970) வந்த காலத்தில் கவனிக்கப்படவில்லை. என் கையில் ஐந்து தட்டு மட்டும் இருக்கலாம் என்றால் அதுவும் ஒன்று.

“இளையராஜா பாட்டில் கேட்டதுதானே இது? இதில் புதிதாக என்ன இருக்கிறது?”

உறவு உண்டு, அதனால்தான் தமிழ்க் காதுக்கு இந்த ஆல்பங்கள் அந்நியமாகப் படுவதில்லை. மெல்லிசை மன்னர்களில் டி.கே. ராமமூர்த்தி வயலின் கலைஞர். இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் நோட்டு எழுதுவதும் கற்றவர். அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை நடத்தினார். 2005இல் வந்த திருவாசகம் தொகுப்புக்கு புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

வேறுபாடு, ஸ்ட்ரிங்ஸ் உட்காரும் இடத்தில் இருக்கிறது. நம் திரைப்பாடலில் வயலின் கூட்டத்துக்குக் கிடைக்கும் பெரிய மேடை, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடைப்பட்ட இடையிசை. பாடகர் ஓய்வெடுக்கும் அந்த முப்பது நொடியில் அது ஒரு தனிக்கதையே சொல்லிவிடும். மேலே பேசிய ஆல்பங்களில் இடையிசை பெரும்பாலும் சிறியது, சில இடங்களில் இல்லவே இல்லை. சொல்ல வேண்டியதைப் பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே, அவர் குரலுக்கு அடியில் சொல்லியாக வேண்டும். இடையிசைக்குப் பழகிய காதை வரிகளுக்கு அடியில் திருப்புவதற்குச் சில வாரம் பிடிக்கும்.

“இதற்காக ரெக்கார்ட் பிளேயர் வாங்க வேண்டுமா?”

வேண்டாம். நல்ல ஹெட்போன் போதும். தட்டு வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் ஒரே அனுகூலம், பாட்டைத் தாண்டிப் போக எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான்.

“பழைய பாணியை ‘ரெட்ரோ’ என்று சொல்வதே நகலடிப்பதைக் கௌரவமாகச் சொல்வதுதானே?”

சில ஆல்பங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பழமைக்குத் திரும்புவதே இந்த வகையில் பழைய பழக்கம். ராக் பாடகராகப் புகழின் உச்சியில் இருந்த ஹாரி நில்சன், 1973இல் லண்டனுக்குப் போய், மேலே சொன்ன கார்டன் ஜென்கின்ஸையே அழைத்து, பெரும்பாலும் அரைநூற்றாண்டுப் பழைய மெட்டுகளை முழு ஆர்கெஸ்ட்ராவோடு பாடினார். லிண்டா ரான்ஸ்டாட் 1983இல் ரிடிலைத் தேடிப் போனார். ‘வாட்ஸ் நியூ’ என்ற அந்த ஆல்பம் அமெரிக்காவில் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய பாணியை அதை உண்டாக்கிய கைகளே மறுபடி எழுதும்போது, அதை நகல் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 2008இல் இங்கிலாந்தின் ராக் பாடகர்களான அலெக்ஸ் டர்னரும் மைல்ஸ் கேனும் ‘த லாஸ்ட் ஷேடோ பப்பட்ஸ்’ என்ற பெயரில் ஸ்காட் வாக்கர் காலத்து ஒலியைக் கையிலெடுத்தபோது, இருவருக்கும் இருபத்திரண்டு வயது. ஸ்ட்ரிங்ஸை எழுதியவர் கனடாவின் ஓவன் பேலட். அந்த ஆல்பத்தில் பாதி பழைய படத்தின் துரத்தல் காட்சிபோலக் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. சில பாடல்கள் வேடமாகவே நின்றுவிட்டன என்பது என் கருத்து. அதே டர்னர் 2022இல் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவோடு செய்த ‘த கார்’ ஆல்பத்தில் வேகம் குறைந்திருக்கிறது, ஸ்ட்ரிங்ஸ் தயங்கித் தயங்கி நுழைகிறது, பாடகரைச் சில இடங்களில் சந்தேகிக்கவும் செய்கிறது. வேடத்தையும் உண்மையையும் பிரிக்க நான் வைத்திருக்கும் கேள்வி, மூன்றாவது பதிலில் சொன்னதுதான்: பாடகர் மறைக்கும் எதையாவது இந்த வயலின்கள் அறிந்திருக்கின்றனவா?

“பழைய தட்டிலிருந்து ஸ்ட்ரிங்ஸை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் ஒட்டுகிறார்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?”

இதற்கு ஒரு வழக்கே பதில். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை, அவர்களுடைய மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் அறுபதுகளில் தன் பெயரிலான ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டு வேறு விதமாகப் பதிந்திருந்தார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, 1997இல் ‘த வெர்வ்’ குழு ‘பிட்டர்ஸ்வீட் சிம்பனி’ பாட்டைக் கட்டியது. உரிமைப் பிரச்சினை எழுந்தது. பாட்டின் எழுத்துரிமை வருமானம் முழுவதும் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் தரப்புக்குப் போனது. 2019இல்தான் வெர்வ் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு அவர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள்.

இந்தச் சண்டை முழுவதிலும் பேசப்படாத பெயர் டேவிட் விட்டேக்கர். உலகம் முணுமுணுக்கும் அந்த வயலின் வரிக்கு மூலமான ஓல்டம் பதிவின் இசையமைப்பை எழுதியவர் அவர். பாடலாசிரியர் பட்டியலில் அவர் இல்லை. அரேஞ்சருக்குப் பெரும்பாலும் ஒருமுறை கூலிதான். மெட்டுக்கு உரிமை உண்டு, மெட்டைச் சுற்றி எழுதியதற்கு இல்லை. ஐந்தாவது பதிலில் அரேஞ்சருடைய வேலையின் அளவைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகப் படாது.

“இன்றைய பிள்ளைகள் ஏன் இதைக் கேட்கிறார்கள்? அவர்களுக்குத்தான் அந்தக் காலத்து நினைவே கிடையாதே?”

நினைவு தேவையில்லை என்பதற்கு அவர்களே சான்று. ஐஸ்லாந்தில் 1999இல் பிறந்த செல்லோ கலைஞரும் பாடகியுமான லௌவே, 2023ஆம் ஆண்டு ஆல்பத்தின் சில பாடல்களை லண்டன் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு பதிந்தார். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. அவருடைய ரசிகர்களில் பெரும்பாலோர் சினாட்ராவின் பெயரைப் பிறகுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

என் ஊகம், கேட்கும் சூழல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது என்பது. மைக்குக்கு மிக அருகில் நின்று, ஒருவருக்கு மட்டும் சொல்வதைப்போலப் பாடும் முறை ஐம்பதுகளின் வீட்டு வரவேற்பறைக்கு நன்றாகப் பொருந்தியது. இன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேருந்தில் போகும் பெண்ணுக்கும் அதே நெருக்கம்தான் கிடைக்கிறது: குரல் நெற்றிக்கு நடுவில், வயலின்கள் இரண்டு காதுக்கும் வெளியே எங்கோ தொலைவில்.

“ஸ்ட்ரிங்ஸை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நிற்காவிட்டால் அது பலவீனமான பாட்டு என்றுதானே அர்த்தம்?”

இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பால் மெக்கார்ட்னி பியானோவில் எளிமையாகப் பதிந்த ‘த லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாட்டின் மேல், ஃபில் ஸ்பெக்டர் 1970 ஏப்ரலில் பெரிய ஆர்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். தன்னைக் கேட்காமல் செய்ததற்காக மெக்கார்ட்னி கொதித்தார். பீட்டில்ஸ் கூட்டைக் கலைக்கக் கோரிய வழக்கில் இதையும் ஒரு குறையாகச் சொன்னார். 2003இல் அந்தப் பூச்சு இல்லாத வடிவம் வெளியானது. பாட்டு நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. அப்படியென்றால் ஸ்பெக்டரின் ஸ்ட்ரிங்ஸ் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த ஸ்ட்ரிங்ஸை எழுதியவர் ரிச்சர்ட் ஹியூசன். அவரையே அதற்கு முன் நிக் டிரேக் என்ற இளம் பாடகரின் முதல் ஆல்பமான ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’டுக்கும் (1969) அமர்த்தியிருந்தார்கள். எழுதியது டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் தன்னோடு படித்த ராபர்ட் கிர்பியை அழைத்து வந்து எழுத வைத்தார். ‘ரிவர் மேன்’ என்ற ஒரு பாட்டு மட்டும் கிர்பிக்கு வசப்படவில்லை. ஐந்தைந்தாக எண்ண வேண்டிய தாளம், நம் கணக்கில் கண்டம். அதை ஹாரி ராபின்சன் எழுதினார். பிறகு ஒட்டாமல், டிரேக் கிதாரோடு நடுவில் அமர்ந்து பாட, கூட்டம் சுற்றி அமர்ந்து அப்போதே வாசித்தது என்று பொறியாளர் ஜான் வுட் சொல்லியிருக்கிறார். ரிடிலும் சினாட்ராவும் செய்ததைப்போல என்பது அவர் சொன்ன ஒப்பு.

அந்தப் பாட்டிலிருந்து ஸ்ட்ரிங்ஸை நீக்கினாலும் கிதாரும் குரலும் நிற்கும். ஆனால் ஐந்து எண்ணி முடிக்கும் கிதாரின் வட்டம் பாட்டு முழுக்க மாறவே மாறாது. பாடகரும் குரலை உயர்த்துவதில்லை. நதியில் நீர் ஏறுகிறது என்பதை நமக்குச் சொல்ல அந்த வயலின்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. டிரேக் தன் மூன்றாவது, கடைசி ஆல்பத்தை 1972இல் ஸ்ட்ரிங்ஸ் எதுவும் இல்லாமல், கிதாரை மட்டும் வைத்துப் பதிந்தார். முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அதையும் ஒருநாள் போட்டுக் காட்டினேன். “இதில் யார் அரேஞ்சர்?” என்று ஒருவர் கேட்டார்.